மேல்நோக்கிய மரமும் கீழ்நோக்கிய கேமராவும்

போன பொங்கலுக்குப் பெங்களூரிலிருந்து வந்த பேரன், பையில் ஒரு சின்னப் பெட்டி கொண்டு வந்திருந்தான். திறந்து பார்த்தால், காலை மடக்கிக்கொண்டு தூங்கும் தவளை மாதிரி ஒரு ட்ரோன். எடை 250 கிராமுக்கும் குறைவு. கால் கிலோ கத்தரிக்காயைக் கையில் எடுத்தால் எப்படியிருக்குமோ அப்படித்தான் இருந்தது. "தாத்தா, ஹரித்ராநதியை மேலேர்ந்து பாத்திருக்கீங்களா?" என்றான். மன்னார்குடியில் பிறந்து எழுபது வருஷத்துக்கு மேல் அந்தக் குளத்தைச் சுற்றி நடந்தவன் நான். மேலிருந்து பார்த்ததில்லை.

மாட்டுப் பொங்கலன்று காலை மொட்டை மாடியிலிருந்து பறக்கவிட்டான். கையிலிருந்த சிறு திரையில் குளமும், நடுவிலுள்ள மண்டபமும், நாலு கரையும் தெரிந்தன. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதே மகிழ்ச்சியில் பையன் ட்ரோனைத் திருப்பிக் கொண்டு வரும்போது, பக்கத்து வீட்டு மாடிக்கு மேலே ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம் நிறுத்தி வைத்தான். வேண்டுமென்று செய்யவில்லை. காற்றில் அது அசையாமல் நிற்பதை எனக்குக் காட்டுவதற்காகச் செய்தான்.

கால் மணி நேரத்தில் பக்கத்து வீட்டு நண்பர் வாசலில் வந்து நின்றார். ஓய்வு பெற்ற ஆசிரியர். 34 வருஷமாகப் பக்கத்துப் பக்கத்து வீடு. என் மகள் கல்யாணத்தில் பந்தி பார்த்தவர். ஒரு நாளும் கோபத்தோடு என் வாசற்படி ஏறியதில்லை. அன்று செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"சார், நீங்க பத்திர ஆபீஸ்ல இருந்தவர். ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. என் வீட்டுக்கு மேல இருக்கற ஆகாசம் யாருது?"

பதில் சொல்லத் தெரியவில்லை. 31 வருஷம் பத்திரப் பதிவுத் துறையில் இருந்தேன். மனை, நஞ்சை, புஞ்சை, தோப்பு, பாகப்பிரிவினை, செட்டில்மென்ட் என்று ஆயிரக்கணக்கில் பதிந்திருக்கிறேன். நான்கெல்லை எழுதாத பத்திரம் ஒன்றுகூட என் மேஜையைத் தாண்டியதில்லை. கிழக்கு, மேற்கு, வடக்கு, தெற்கு எல்லாம் உண்டு. மேலெல்லை என்று ஒன்றை யாரும் எழுதியதில்லை, நானும் கேட்டதில்லை.

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. அடுத்த சில வாரங்கள் பேரன் உதவியோடு தேடிப் படித்தேன். படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். நம் வயதுக்காரர்களுக்கு இது நாளைக்கே தேவைப்படலாம்.

கல்வெட்டு சொன்ன கணக்கு

முதலில் நம் வீட்டிலிருந்தே ஆரம்பிக்கலாம். பழைய கிரயப் பத்திரங்களைப் பார்த்தவர்களுக்கு ஒரு வாய்பாடு நினைவிருக்கும். நிதி, நிட்சேபம், ஜலம், பாஷாணம், அட்சிணி, ஆகாமி, சித்தம், சாத்தியம் என்று எட்டு. புதையல், தண்ணீர், கல், இப்போது விளைவது, இனிமேல் விளையப்போவது எல்லாம் சேர்த்து உனக்கே என்று பொருள். எழுத்தர்கள் அர்த்தம் தெரிந்தும் எழுதினார்கள், தெரியாமலும் எழுதினார்கள்.

அதற்கும் முந்தி, சோழர், பாண்டியர் காலத்து நிலக்கொடைச் சாசனங்களில் இன்னும் அழகான ஒரு தொடர் வருகிறது. மேல்நோக்கின மரமும் கீழ்நோக்கின கிணறும் என்று எழுதியிருப்பார்கள். உடும்பு ஓடி ஆமை தவழ்ந்த இடமெல்லாம் என்றும் வரும். ஒரு நிலத்தைக் கொடுத்தால் மேலே எது வரை, கீழே எது வரை? மேலே மரம் வளரும் மட்டும், கீழே கிணறு இறங்கும் மட்டும். வானம் முழுவதும் என்று எழுதவில்லை, பாதாளம் வரை என்றும் எழுதவில்லை. நீ ஆண்டு அனுபவிக்கும் உயரம் எதுவோ அதுவே உன்னுடையது. வேலையில் இருந்த காலத்தில் இதைப் படித்தபோது வெறும் அலங்காரம் என்றுதான் நினைத்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை. காரணம் பின்னால் வருகிறது.

ஐரோப்பாவில் வேறு கணக்கு. மண் யாருடையதோ, வானம் வரைக்கும் பாதாளம் வரைக்கும் அவனுடையதே என்று லத்தீனில் ஒரு பழமொழி. 13-ஆம் நூற்றாண்டில் இத்தாலியில் போலோனா நகரத்துச் சட்ட ஆசிரியர்கள் வழியாக வந்தது என்கிறார்கள். 17-ஆம் நூற்றாண்டில் எட்வர்ட் கோக் என்ற நீதிபதி தம் நூலில் எழுதிவைக்க, இங்கிலாந்துச் சட்டத்தில் அது நிலைத்துவிட்டது. அன்றைக்கு அதனால் ஒரு தொல்லையும் இல்லை. வானத்தில் காக்கையும் மேகமும்தான் போய்க்கொண்டிருந்தன. பக்கத்து வீட்டுக் கிளை நம் பக்கம் நீட்டினால் வெட்டலாமா, தாழ்வாரம் நம் மனைமேல் நீண்டால் இடிக்கச் சொல்லலாமா என்ற வழக்குக்கு அது போதுமாக இருந்தது.

உருளைக்கிழங்குத் தோட்டத்தில் இறங்கிய பலூன்

1783-இல் பிரான்சில் மனிதன் பலூனில் ஏறினான். அதன் பிறகுதான் அந்தப் பழமொழிக்குச் சோதனைக் காலம்.

1815-இல் லண்டனில் ஒரு வழக்கு. ஒருவர் தம் வீட்டுச் சுவரில் அடித்த பலகை, பக்கத்துத் தோட்டத்தின் மேல் சில அங்குலம் நீட்டிக்கொண்டிருந்தது. அத்துமீறல் என்று பக்கத்துக்காரர் போனார். பிரதம நீதிபதி எல்லன்பரோ ஒப்பவில்லை. இதை அத்துமீறல் என்றால், பலூனில் போகிறவன் தான் கடந்துபோகும் ஒவ்வொரு வயல்காரனுக்கும் பதில் சொல்ல வேண்டிவருமே என்று கேட்டார்.

ஏழு வருஷம் கழித்து, 1822-இல் நியூயார்க்கில் நிஜமாகவே ஒரு பலூன்காரர் மாட்டினார். கீல் என்பவர் பறந்த பலூன், ஸ்வான் என்பவரின் தோட்டத்தில் இறங்கியது. உருளைக்கிழங்குப் பாத்திமீதும் முள்ளங்கிப் பாத்திமீதும் இழுத்துக்கொண்டே போனது. ஆள் கூடையிலிருந்து பாதி தொங்கிக்கொண்டு உதவிக்குக் கூப்பிட்டார். வேடிக்கை பார்க்க 200 பேருக்கு மேல் வேலியை உடைத்துக்கொண்டு உள்ளே புகுந்து, மிச்சமிருந்த காய்கறியையும் மிதித்துத் தீர்த்தார்கள். பலூன் செய்த நஷ்டம் சுமார் 15 டாலர்தான். கூட்டம் செய்ததுதான் அதிகம். ஆனால் 90 டாலரையும் பலூன்காரர்தான் கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பு. இப்படிக் கூட்டம் கூடும் என்று இறங்குகிறவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பது நீதிமன்றத்தின் நியாயம்.

இந்த இரண்டு வழக்கையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று புரிகிறது. மேலே போனவனை யாரும் தண்டிக்கவில்லை. கீழே இறங்கி நஷ்டம் செய்தவனைத்தான் தண்டித்தார்கள்.

புறாவின் மார்பில் கேமரா

அப்போது பலூனுக்குக் கண் கிடையாது. 1858-இல் நாடார் என்ற பெயரில் புகழ்பெற்ற பாரிஸ் புகைப்படக்காரர் (நம் ஊர் நாடார் இல்லை, அது அவர் வைத்துக்கொண்ட புனைபெயர்) பலூனில் கேமராவை ஏற்றிப் படம் எடுத்தார். பிறகு பட்டத்தில் கேமராவைக் கட்டினார்கள். 1908-இல் நாய்ப்ரோன்னர் என்ற ஜெர்மன் மருந்துக்கடைக்காரர், புறாவின் மார்பில் சின்னஞ்சிறு கேமராவைக் கட்டிப் படம் எடுக்கும் முறைக்குக் காப்புரிமையே வாங்கினார். ட்ரோனுக்குப் பெரியப்பா அந்தப் புறாதான்.

நடுவில் இன்னொன்று நடந்தது. 1888-இல் அமெரிக்காவில் கோடக் கேமரா விற்பனைக்கு வந்தது. அதுவரை படம் எடுக்க ஸ்டுடியோவுக்குப் போய், மூச்சைப் பிடித்து உட்கார வேண்டும். இப்போது யார் வேண்டுமானாலும், யாரையும் கேட்காமல் எடுக்கலாம். கடற்கரையிலும் பூங்காவிலும் பெண்களுக்கு நிம்மதி போயிற்று. 1890-இல் பாஸ்டன் நகரத்து வக்கீல்கள் இருவர், சாமுவேல் வாரனும் லூயி பிராண்டைஸும், ஹார்வர்டு சட்ட இதழில் ஒரு கட்டுரை எழுதினார்கள். மனிதனுக்குத் தனியே விடப்படும் உரிமை உண்டு என்பது சாரம். உடனடிப் புகைப்படங்களும் பத்திரிகைகளும் வீட்டுக்குள் நுழைந்துவிட்டன என்று குறைபட்டுக்கொண்டார்கள். அந்தரங்க உரிமை என்று இன்று உலகம் முழுவதும் பேசுவதற்கு அந்தக் கட்டுரை ஒரு பெரிய தொடக்கம்.

ஆக, இரண்டு தனித்தனிக் கேள்விகள் உருவாகிவிட்டன. மேலே பறப்பது என் சொத்தில் நுழைவதா என்பது ஒன்று. மேலிருந்து பார்ப்பது என் வாழ்வில் நுழைவதா என்பது இன்னொன்று. என் நண்பர் கேட்டது முதல் கேள்வி. ஆனால் அவருக்கு வலித்தது இரண்டாவது.

கோழிப்பண்ணையும் குண்டு விமானமும்

முதல் கேள்விக்கு நல்ல பதில் கிடைத்தது ஒரு கோழிப்பண்ணையால். அமெரிக்காவில் வட கரோலினா மாநிலம், கிரீன்ஸ்பரோ ஊருக்குப் பக்கத்தில் காஸ்பி தம்பதிக்கு 2.8 ஏக்கரில் வீடும் கோழிப்பண்ணையும் இருந்தன. இரண்டாம் உலகப் போரில், 1942 முதல் பக்கத்து விமான நிலையத்தை ராணுவம் பயன்படுத்த ஆரம்பித்தது. இறங்கும் பாதை அவர்கள் நிலத்துக்கு மேலே 83 அடி உயரத்தில் போயிற்று. வீட்டுக் கூரைக்கு மேலே 67 அடி. இருக்கிறதிலேயே உயரமான மரத்துக்கு மேலே வெறும் 18 அடி. ராத்திரியில் விமான வெளிச்சம் வீட்டைப் பகலாக்கிவிடும். கோழிகள் மிரண்டு சுவரில் மோதிச் செத்தன. ஒரே நாளில் ஆறு, பத்து என்றுகூடச் செத்ததுண்டு. மொத்தம் சுமார் 150. கடைசியில் தொழிலையே விட்டுவிட்டார்கள்.

வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1946 மே மாதம் தீர்ப்பு வந்தது. நீதிபதி வில்லியம் டக்ளஸ் எழுதினார். வானம் வரைக்கும் உனக்கே என்ற பழமொழிக்கு இன்றைய உலகில் இடமில்லை, ஆகாயம் பொதுவழி என்றார். அப்படி இல்லாவிட்டால் ஊரிலிருந்து ஊருக்குப் போகும் ஒவ்வொரு விமானத்தின்மீதும் கணக்கில்லாத வழக்குகள் வரும். ஆனால் அடுத்த வரியிலேயே நிலத்துக்காரரையும் கைவிடவில்லை. நிலத்தை ஒட்டி அவர் பயன்படுத்தக்கூடிய உயரம் வரையாவது ஆகாயம் அவருக்குச் சொந்தம். இல்லாவிட்டால் வீடு கட்ட முடியாது, மரம் வைக்க முடியாது, வேலிகூடப் போட முடியாது. அந்த உயரத்தில் அடிக்கடி பறந்து நிலத்தை அனுபவிக்க முடியாமல் செய்தால், அரசாங்கம் நிலத்தில் ஒரு பகுதியை எடுத்துக்கொண்டது போலத்தான். இழப்பீடு கொடுக்க வேண்டும்.

படித்துவிட்டு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அவர் சொன்னது மேல்நோக்கின மரம் தானே! நம் ஊர்க் கல்தச்சன் கோயில் சுவரில் வெட்டியதற்கும், வாஷிங்டனில் கறுப்பு அங்கி போட்டவர் எழுதியதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

ஒரே ஒரு குறை. உயரம் இத்தனை அடி என்று நீதிபதி கோடு கிழிக்கவில்லை. 83 அடி சொந்தம், பல நூறு அடிக்கு மேலே பொதுவழி. நடுவில்? அந்த நடுப்பகுதியில் அன்று யாருக்கும் வேலை இல்லை. இன்று ட்ரோன் பறப்பது சரியாக அங்கேதான்.

பிரபுவின் பண்ணை வீட்டுப் படம்

இரண்டாவது கேள்வி, பார்ப்பது பற்றியது. இங்கிலாந்தில் ஸ்கைவியூஸ் என்றொரு கம்பெனி வீடுகளை விமானத்திலிருந்து படம் எடுத்து, வீட்டுக்காரரிடமே விற்றது. 1974 ஆகஸ்டில் கென்ட் பகுதியிலிருந்த பெர்ன்ஸ்டீன் பிரபுவின் பண்ணை வீட்டையும் எடுத்து, வாங்கிக்கொள்கிறீர்களா என்று கேட்டார்கள். அவர் கிரனாடா தொலைக்காட்சியை நிறுவியவர். ஊரையே படம் பிடித்துக் காட்டிய நிறுவனத்தின் தலைவர், தம் வீட்டைப் படம் பிடித்ததற்கு வழக்குப் போட்டார்!

1977-இல் தீர்ப்பு. பிரபு தோற்றார். சாதாரணமாக நிலத்தையும் கட்டடங்களையும் அனுபவிக்கத் தேவையான உயரம் வரைதான் உரிமை, அதற்கு மேலே போன விமானம் அத்துமீறவில்லை, ஒரு படம் எடுப்பது குற்றமும் இல்லை என்றார் நீதிபதி கிரிஃபித்ஸ். பழமொழியை அப்படியே எடுத்துக்கொண்டால், துணைக்கோள் ஒவ்வொரு முறை தோட்டத்தைத் தாண்டும்போதும் அத்துமீறல் ஆகிவிடும் என்றும் சொன்னார். ஆனால் ஒரு எச்சரிக்கையையும் சேர்த்தார். ஒருவர் வீட்டை மேலிருந்து ஓயாமல் கண்காணித்து, அவர் செய்வதையெல்லாம் படம் எடுத்தால், அதை நீதிமன்றம் பார்த்துக்கொண்டு சும்மா இருக்காது என்ற பொருளில் எழுதினார். அன்றைக்கு அது ஒரு கற்பனை. யார் ஒரு வீட்டின் மேல் விமானத்தை ஓயாமல் சுற்றவிடுவார்கள்? பெட்ரோல் செலவுக்குக் கட்டுப்படியாகுமா? இன்று பத்தாம் வகுப்புப் பையன் செய்யலாம்.

நம் நாட்டில்

நம் நாட்டில் 1934-ஆம் வருஷத்து விமானச் சட்டம் 17-ஆம் பிரிவு, காற்று, வானிலை முதலியவற்றைப் பார்த்து நியாயமான உயரத்தில் ஒரு விமானம் சொத்துக்கு மேலே பறந்ததை மட்டும் வைத்து அத்துமீறல் வழக்குப் போட முடியாது என்றது. இங்கிலாந்தின் 1920-ஆம் வருஷத்துச் சட்டத்திலிருந்து வந்த வாசகம். நியாயமான உயரம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அது மாடிக் கைப்பிடிச் சுவருக்கு மேலே பத்தடியா?

பார்வை விஷயத்தில் நாம் அவர்களுக்கு முன்னோடி என்றே சொல்லலாம். 1882-ஆம் வருஷத்து வசதியுரிமைச் சட்டத்தின் 18-ஆம் பிரிவில் ஓர் உதாரணம் இருக்கிறது. ஒரு ஊரின் வழக்கப்படி, அண்டை வீட்டாரின் மறைவு கெடும்படி யாரும் புதிதாக ஜன்னல் திறக்கக் கூடாது என்று இருந்தால், அந்த வழக்கம் செல்லும். 1888-இல் அலகாபாத் உயர் நீதிமன்றம், பெண்கள் இருக்கும் பகுதி தெரியும்படி வைத்த கதவுகள் பற்றிய வழக்கில் அந்த வழக்கத்தை ஏற்றது. சென்னை உயர் நீதிமன்றம் முன்பே, 1866-இல், வேறு கருத்துச் சொல்லியிருந்தது. ஜன்னல் திறந்ததால் மறைவு போயிற்று என்பது மட்டும் வழக்குக்குக் காரணமாகாது என்பது அதன் பார்வை. வேண்டுமானால் நீ உன் பக்கம் சுவரை உயர்த்திக்கொள் என்றுதான் நம் பக்கத்தில் புரிந்துகொண்டார்கள். பாகப்பிரிவினைப் பத்திரங்களில், இந்தச் சுவரில் ஜன்னல் வைக்கக் கூடாது என்று அண்ணன் தம்பிகள் சண்டை போட்டு ஒரு வரி சேர்த்ததை நானே எத்தனையோ முறை பதிந்திருக்கிறேன். அப்போதெல்லாம் இந்தச் சின்ன விஷயத்துக்கா இவ்வளவு கூச்சல் என்று மனசுக்குள் சிரித்ததுண்டு.

ஜன்னலுக்குச் சுவர் பதில். ட்ரோனுக்கு எந்தச் சுவரை எழுப்புவது?

1994-இல் தமிழ்நாட்டிலிருந்து போன வழக்கு ஒன்று உங்களுக்கு நினைவிருக்கும். ஆட்டோ சங்கரின் சுயசரிதையை நக்கீரன் பத்திரிகை வெளியிடலாமா என்ற வழக்கு. வெளியிடலாம் என்ற உச்ச நீதிமன்றம், அதே தீர்ப்பில், தனியே விடப்படும் உரிமை நம் அரசியலமைப்பின் 21-ஆம் பிரிவுக்குள் அடங்கியது என்றும் சொன்னது. பிறகு 2012-இல் கர்நாடக உயர் நீதிமன்றத்தின் ஓய்வு பெற்ற நீதிபதி கே.எஸ். புட்டசாமி, தமது 86-வது வயதில், ஆதார் விஷயமாக வழக்குப் போட்டார். 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகளும் ஒரே குரலில் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றார்கள். ஓய்வு பெற்றவர்களால் ஒன்றும் ஆகாது என்று நினைப்பவர்கள் அவரை நினைத்துக்கொள்ள வேண்டும்.

துப்பாக்கி எடுத்த தகப்பன்

2013-இல் சீனக் கம்பெனி ஒன்றின் ஃபேன்டம் ட்ரோன் வந்தது. அதுவரை விளையாட்டு விமானம் என்றால் மாதக்கணக்கில் ஒட்டிக் கட்டி, ஊருக்கு வெளியே மைதானத்துக்குப் போய்ப் பறக்கவிடும் கலை. பழகாதவர் கையில் முதல் நாளே நொறுங்கிவிடும். அதனாலேயே அண்டை வீட்டாருக்குத் தொந்தரவு இல்லை. இப்போது பெட்டியைப் பிரித்த பத்தாவது நிமிஷம் யாரும் பறக்கவிடலாம். கண்ணும் கூடவே வருகிறது.

அதே வருஷம் கொலராடோ மாநிலத்தில் டியர் டிரெயில் என்ற குக்கிராமத்தில், 25 டாலர் கட்டினால் ட்ரோனைச் சுட உரிமம் தரலாம் என்று ஒருவர் யோசனை கொண்டுவந்தார். 2014-இல் ஊர் மக்கள் ஓட்டுப் போட்டு அதைத் தோற்கடித்தார்கள். அமெரிக்க விமானத் துறையோ, ட்ரோனும் விமானம்தான், சுடுவது குற்றம் என்கிறது.

ஆனால் 2015 ஜூலையில் கென்டக்கி மாநிலத்தில் ஹில்வியூ என்ற ஊரில் ஒரு தகப்பன் சுட்டே விட்டார். மகள்கள் வீட்டுப் பின்புறம் இருக்கும்போது மேலே ட்ரோன் நின்றது என்றார். ட்ரோன்காரர், நான் 200 அடிக்கு மேலே போய்க்கொண்டிருந்தேன் என்று பதிவைக் காட்டினார். மரத்துக்கும் கீழே வந்தது என்றார்கள் பார்த்தவர்கள். போலீஸ் துப்பாக்கிக்காரரைக் கைது செய்தது. உள்ளூர் நீதிபதி, அவர் அந்தரங்கத்தைக் காத்துக்கொண்டார் என்று குற்றச்சாட்டைத் தள்ளிவிட்டார். ட்ரோன்காரர், ஆகாயம் யாருடையது என்று முடிவு சொல்லுங்கள் என்று மத்திய நீதிமன்றம் போனார். 2017 மார்ச்சில் அந்த நீதிமன்றம், இது நாங்கள் விசாரிக்க வேண்டிய விஷயம் இல்லை என்று திருப்பி அனுப்பியது. 83 அடிக்கும் சில நூறு அடிக்கும் நடுவே இருக்கும் கேள்வி 1946-இல் இருந்த இடத்திலேயே நிற்கிறது.

நம் நாட்டில் 2014 அக்டோபரில் விமானப் போக்குவரத்துத் துறை, சாதாரண மக்கள் ட்ரோன் பறக்கவிடுவதை அடியோடு தடுத்தது. 2018 டிசம்பரிலிருந்து நிபந்தனைகளோடு அனுமதி. 2021 ஆகஸ்டில் ட்ரோன் விதிகள் வந்து தளர்த்தின. வானத்தைப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று பிரித்தார்கள். பச்சையில் 400 அடி வரை பறக்கலாம். 250 கிராம் வரையுள்ள நானோ வகைக்கு ஓட்டுநர் உரிமம் வேண்டாம். விமான நிலையத்துக்கு எவ்வளவு தூரம் என்றெல்லாம் விவரமாகக் கணக்குப் போட்டிருக்கிறார்கள். வத்தல் காயும் மாடிக்கு எவ்வளவு தூரம் என்று யாரும் கணக்குப் போடவில்லை. பெண்களை அந்தரங்க நிலையில் ஒளிந்து பார்ப்பதும் படம் எடுப்பதும் 2013 முதல் தனிக் குற்றம். கெட்டவனுக்கு அந்தச் சட்டம் உண்டு. விவரம் தெரியாத நல்ல பிள்ளைக்கு என்ன சட்டம்?

அந்தப் படத்தில் இருந்தது

இப்போது என் வாசலுக்குத் திரும்புகிறேன். நண்பர் போன பிறகு பேரனிடம் அந்தப் படத்தைப் போடச் சொன்னேன். குளம் வந்தது, தெரு வந்தது, நண்பர் வீட்டு மாடி வந்தது. அங்கே என்ன தெரிந்தது என்பதை எழுத மாட்டேன். தப்பாக ஒன்றும் இல்லை. ஒரு குடும்பம் தெருவுக்குச் சொல்ல விரும்பாத ஒரு கஷ்டம், அவ்வளவுதான். 34 வருஷம் பக்கத்தில் இருந்த எனக்கே தெரியாது. தெரியாமல் அவர்கள் பார்த்துக்கொண்டார்கள். அதற்கு அவர்களுக்கு நம்பிக்கையாக இருந்த இடம், நாலடிக் கைப்பிடிச் சுவர் உள்ள அந்த மொட்டை மாடி மட்டும்தான்.

பேரன் என் முகத்தைப் பார்த்தான். "அழிச்சிடறேன் தாத்தா" என்றான். நான் சொல்லவில்லை, அவனே சொன்னான். ஆனால் நாங்கள் பார்த்துவிட்டோமே. பார்த்ததை எந்தப் பொத்தானை அழுத்தி அழிப்பது?

மறுநாள் அவனை அழைத்துக்கொண்டு போனேன். பையன் காலில் விழுந்தான். "சார், படத்தை அழிச்சுட்டான். நான் பார்த்தேன். யாருகிட்டயும் பேசமாட்டேன்" என்றேன். பார்க்கவேயில்லை என்று பொய் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. நண்பர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு உள்ளே திரும்பி, "மூணு காப்பி" என்றார்.

காப்பி குடித்துக்கொண்டே கோழிப்பண்ணைக் கதையின் சுருக்கத்தைச் சொன்னேன். அவர் வாத்தியார் இல்லையா, உடனே பேரனுக்கு விதி எழுதிவிட்டார். ஒன்று, பறக்கவிடுவதற்கு முன்பு இரண்டு பக்கத்து வீட்டிலும் சொல்லிவிட வேண்டும். இரண்டு, நம் மாடியிலிருந்து நேராக மேலே, தென்னை மர உயரத்தைத் தாண்டும் வரை பக்கவாட்டில் திரும்பக் கூடாது. மூன்று, குளக்கரை போகும் வரை கேமரா கீழே பார்க்கக் கூடாது. நான்கு, எந்த வீட்டின் மேலும் நிற்கக் கூடாது. எந்த நீதிமன்றமும் கிழிக்காத கோட்டை அவர் ஒரு டம்ளர் காப்பியில் கிழித்துவிட்டார். தென்னை மர உயரம் என்றபோது எனக்குள் சிரிப்பு வந்தது. அவருக்குக் கல்வெட்டுக் கதையை அப்போது நான் சொல்லியிருக்கவில்லை.

இதை எழுதியவுடன் முதலில் அவரிடம்தான் படிக்கக் கொடுத்தேன். ஒரு வரியை எடுக்கச் சொன்னார். எடுத்துவிட்டேன்.

விடுமுறைக்குப் பேரப்பிள்ளைகள் வரும் நேரம் இது. அவர்கள் பையிலும் இப்படி ஒரு பெட்டி இருக்கலாம். தடுக்காதீர்கள். மேலிருந்து நம் ஊர் அவ்வளவு அழகு. ஆனால் அது கிளம்புவதற்கு முன்னால், நீங்களே எழுந்து போய்ப் பக்கத்து வீட்டு வாசலில் நின்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வாருங்கள். பிள்ளைகளை அனுப்பாதீர்கள். நீங்களே போங்கள்.